கேட்டதும் கண்டதும்

நடுநிசியில் காதருகே ஒரு கொசு வந்து ரீங்காரம் செய்கிறது. தூக்கம் கலைந்து எழுந்து உட்காருகிறோம். ஓசை நன்றாய்க் கேட்கிறது. கொசு எங்கே இருக்கிறதென்றுதான் தெரியவில்லை. தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, ஒருவாறு திசையை நிச்சயித்துக்கொண்டு, எழுந்துபோய் விளக்கைப் போடுவதற்குள் கொசு போன இடம் தெரிவதில்லை. கண்ணுக்கும் காதுக்கும் நாலு விரற்கடை தூரம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால், கேட்டதற்கும் கண்டதற்கும் நடுவில் உள்ள தூரம் அவ்வளவு சொற்பமல்ல என்பதைக் கொசு உள்ள ஊரில் குடியிருப்பவர்களுக்கு விஸ்தரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

வான சாஸ்திரிகளுக்கு ஏறக்குறைய இதே சங்கடம் 2015-ஆம் வருஷத்திலிருந்து ஏற்பட்டிருக்கிறது. அதற்கு முன் அவர்களுக்கு அநேகமாய்க் கண் மட்டுமே உண்டு, காது கிடையாது. வெறுங் கண்ணால் பார்த்தாலும் சரி, தூரதிருஷ்டிக் கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் சரி, ரேடியோ அலைகளையும் எக்ஸ் கிரணங்களையும் பிடித்துப் பார்த்தாலும் சரி, எல்லாம் ஒளியின் குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆனால் 1916-ஆம் வருஷத்திலேயே ஐன்ஸ்டீன் வேறொன்றைக் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். பெரிய பாரமுள்ள இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று வேகமாய்ச் சுற்றும்போது, குளத்தில் கல் விழுந்தாற்போல ஆகாச வெளியிலேயே அலைகள் எழுந்து ஒளியின் வேகத்தில் பரவும் என்பது அந்தக் கணக்கு. இவற்றை ஆகர்ஷண அலைகள் என்று சொல்வோம். ஈர்ப்பு அலைகள் என்றும் சொல்வதுண்டு. ஒளியைத் தூசியும் புகையும் மறைக்கும். இந்த அலைகளை எதுவும் மறைக்காது. ஆனால் நம்மிடம் வந்து சேரும்போது அவை இருக்கின்றனவா, இல்லையா என்றே சந்தேகப்படும்படி அவ்வளவு மெலிந்துபோயிருக்கும்.

அந்த மெலிந்த அலைகளைக் கேட்பதற்கு அமெரிக்காவில் இரண்டு யந்திரங்கள் கட்டினார்கள். ஒன்று வாஷிங்டன் மாகாணத்து ஹான்போர்டில். மற்றொன்று அங்கிருந்து 3,000 கிலோமீட்டர் தள்ளி லூயிஸியானாவில் உள்ள லிவிங்ஸ்டனில். இரண்டுக்கும் சேர்த்து லைகோ என்று பெயர். ஒவ்வொன்றும் மூலைமட்டம்போல் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நீட்டிய இரண்டு குழாய்கள். ஒவ்வொரு குழாயும் 4 கிலோமீட்டர் நீளம். உள்ளே காற்றையெல்லாம் வெளியேற்றிவிட்டு, கோடியில் கண்ணாடிகளைத் தொங்கவிட்டு, லேஸர் ஒளியை அனுப்பித் திரும்ப வாங்குகிறார்கள். ஆகர்ஷண அலை கடந்து செல்லும்போது ஒரு குழாய் இத்துணூண்டு நீளும், மற்றது குறுகும். இத்துணூண்டு என்றால் எவ்வளவு? அணுவின் கருவில் இருக்கும் புரோட்டானின் குறுக்களவில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதை அளந்துவிட்டோம் என்று ஒருவர் சொன்னால் நம்புவதற்குச் சற்றுத் தைரியம் வேண்டும். ஆனால் 2015 செப்டம்பர் 14-ஆந் தேதி இரண்டு யந்திரங்களும் ஒரே அலையை ஏழு ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி வித்தியாசத்தில் கேட்டன. இரண்டு கருந்துளைகள் ஒன்றோடொன்று மோதிக் கலந்ததன் ஓசை அது. உலகம் கொண்டாடிற்று. ஆயினும் கருந்துளை என்பது ஒளியை விழுங்குமே தவிர உமிழாது. ஆகவே கேட்டது நிச்சயம். கண்டவர் ஒருவரும் இல்லை.

ஓசை என்று நான் சொல்வது உபசாரத்துக்காகத்தான். காற்றே இல்லாத வெளியில் சப்தம் ஏது? ஆனால் இந்த அலைகளின் அதிர்வு வினாடிக்குச் சில பத்திலிருந்து சில நூறு வரையில் இருப்பதால், அப்படியே ஒலிபெருக்கியில் கொடுத்தால் நம் காதுக்கே கேட்கும். அதனால் உபமானம் பொருத்தமானதுதான்.

மோதும்போது ஒளியும் வீசக்கூடியவை நியூட்ரான் நக்ஷத்திரங்கள். இவற்றின் பூர்வோத்தரத்தை இரண்டு வார்த்தையில் சொல்லவேண்டும். 1930-ஆம் வருஷத்தில், சென்னை பிரஸிடென்ஸி கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டுக் கப்பலில் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த பத்தொன்பது வயது சந்திரசேகர், வழிப் பிரயாணத்தில் ஒரு கணக்குப் போட்டார். எரிந்து தீர்ந்த நக்ஷத்திரத்தின் மிச்சம் சூரியனைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால், அது தன் பாரத்தைத் தானே தாங்காது என்பது முடிவு. தாங்காமல் நொறுங்கினால் என்ன ஆகும்? அணுக்கள் நசுங்கி வெறும் நியூட்ரான் உருண்டையாகிவிடும் என்று பாடே, ஸ்விக்கி என்ற இருவர் 1934-ல் சொன்னார்கள். கேம்பிரிட்ஜில் ஜோஸலின் பெல் என்ற மாணவி 1967-ல் அத்தகைய நக்ஷத்திரத்தின் ரேடியோத் துடிப்பை முதன்முதலாகக் கண்டுபிடித்தார். சூரியனைவிட அதிக எடை. அகலமோ ஒரு நகரத்தின் அளவு, 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதில் ஒரு தேக்கரண்டி எடுக்க முடிந்தால் நூறு கோடி டன்னுக்கு மேல் நிறுக்கும்.

இப்படிப்பட்ட இரண்டு உருண்டைகள் ஜோடியாய்ச் சுற்றிக்கொண்டிருந்தால், ஆகர்ஷண அலைகளாய்த் தங்கள் சக்தியைச் சிந்திச் சிந்தி, மெள்ள மெள்ள நெருங்கி, கடைசியில் மோதிக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு ஜோடி மோதிய செய்தி நம்மிடம் வந்து சேர்ந்தது 2017 ஆகஸ்டு 17-ஆந் தேதி, வியாழக்கிழமை. நம் இந்திய நேரப்படி மாலை 6 மணி 11 நிமிஷம், வீடுகளில் விளக்கேற்றும் வேளை. மோதல் நடந்ததென்னவோ 13 கோடி வருஷங்களுக்கு முன்னால். பூமியில் ராக்ஷஸப் பல்லிகள் திரிந்த காலத்தில். அலைகள் அன்றிலிருந்து வந்துகொண்டேயிருந்தன. நாம் காதைச் செய்து வைத்த இரண்டாவது வருஷத்தில் அவை நம் வாசலைத் தாண்டிப் போயின என்றால், அதை என்னவென்று சொல்வது?

கருந்துளைகளின் ஓசை ஒரு வினாடிக்குள் முடிந்துபோயிருந்தது. இது சுமார் நூறு வினாடி நீடித்தது. ஆரம்பத்தில் இரண்டு நக்ஷத்திரங்களும் வினாடிக்குப் பன்னிரண்டு தடவை ஒன்றையொன்று சுற்றின; கீழ் ஸ்தாயியில் ஒரு முனகல். போகப் போகச் சுருதி ஏறிற்று. கடைசி வினாடியில் கிடுகிடுவென்று மேலே போய் நின்றுவிட்டது. இதற்குள் சுமார் 1,500 சுற்றுக்கள்.

நின்றபின் 1.7 வினாடி கழித்து, ஆகாயத்தில் சுற்றும் பெர்மி என்ற செயற்கைக் கிரகம் காமா கிரணங்களின் சிறு வெடிப்பு ஒன்றைக் கண்டது. இரண்டு வினாடிதான், அதுவும் மங்கலாக. இண்டெக்ரல் என்ற மற்றொரு கிரகமும் அதையே கண்டது. பெர்மி சற்று நேரத்துக்கெல்லாம் தென் அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு மேலே போய்ச் சேர்ந்தது. அந்தப் பிரதேசத்தைக் கடக்கும்போது அதன் கருவிகளை நிறுத்தி வைப்பது வழக்கம். கொஞ்சம் தாமதித்திருந்தால் அதற்கும் ஒன்றும் தெரிந்திராது. நம் தேசத்து ஆஸ்ட்ரோஸாட்டுக்கு அந்த அதிர்ஷ்டமில்லை. அந்தச் சமயத்தில் குறுக்கே பூமி வந்து மறைத்துவிட்டது.

இந்த 1.7 வினாடியைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 13 கோடி வருஷம் இரண்டு பேர் ஓடி வருகிறார்கள். ஒருவன் ஆகர்ஷண அலை, மற்றொருவன் ஒளி. ஒருவன் வந்து மூச்சு விடுவதற்குள் மற்றவனும் வந்துவிடுகிறான். புறப்பட்டபோதே ஒளி சற்றுத் தாமதித்துக் கிளம்பியிருக்கவும் கூடும். ஆகவே இரண்டின் வேகமும் ஒன்றே என்று, பதினைந்து ஸ்தானம் சுத்தமாக, ஒரே மாலையில் ருசுவாயிற்று. ஐன்ஸ்டீனுக்குப் போட்டியாகக் காகிதத்தில் கட்டி வைத்திருந்த சித்தாந்தங்கள் பல அன்றைக்கே இடிந்து விழுந்தன.

சரி, மோதல் எங்கே நடந்தது? இங்கேதான் கொசுவின் கதை.

லைகோவின் காது நம் காதைப் போன்றதே. எந்தப் பக்கத்து ஓசையும் கேட்கும். ஒரு காதை மட்டும் வைத்துக்கொண்டு திசை சொல்ல முடியாது. இரண்டு காதுகளில் எது முன்னால் கேட்டது என்ற வித்தியாசத்திலிருந்து திசையை ஊகிக்க வேண்டும். அன்று மாலை ஹான்போர்டு யந்திரம் தெளிவாய்க் கேட்டது. தானாகவே எச்சரிக்கையும் கொடுத்தது. லிவிங்ஸ்டனோ மௌனம்! காரணம் என்னவென்றால், மோதலுக்கு ஒரு வினாடி முன்னதாக அந்த யந்திரத்தில் ஏதோ ஒரு சொடக்கு, கால் வினாடிகூட இல்லாத ஓர் இரைச்சல், ஏற்பட்டுவிட்டது. நூறு வினாடிக் கச்சேரி முழுவதும் பதிவாகியிருந்தும், இந்த ஒரு சொடக்கைக் கண்டு கணக்குப் போடும் யந்திரம் அதைத் தள்ளுபடி செய்துவிட்டது. மனிதர்கள் உட்கார்ந்து பார்த்து, அந்தத் துணுக்கைக் கத்தரித்து எறிந்துவிட்டு, மிச்சத்தை மீட்டெடுக்கும்படி ஆயிற்று.

மூன்றாவது காது இத்தாலியில் பைஸா நகரத்துக்கருகில் இருக்கிறது. விர்கோ என்று பெயர். அது லைகோவோடு சேர்ந்துகொண்டது அதே ஆகஸ்டு மாதம் முதல் தேதிதான். குழாய் 3 கிலோமீட்டரே, கூர்மையும் குறைவு. அலை முதலில் வந்து தட்டியது விர்கோவைத்தான். 22 ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி கழித்து லிவிங்ஸ்டன், இன்னும் 3 பங்கு கழித்து ஹான்போர்டு. அப்படியிருந்தும் விர்கோவுக்கு அநேகமாய் ஒன்றுமே கேட்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த மௌனமே பெரிய சாட்சியாயிற்று. இந்தக் காதுகள் ஒவ்வொன்றுக்கும் சில திசைகள் செவிடு. இவ்வளவு பலமான ஓசை விர்கோவுக்குக் கேட்கவில்லையென்றால், அது அந்தச் செவிட்டுத் திசையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். லைகோ இரண்டை மட்டும் வைத்துக்கொண்டால் ஆகாயத்தில் 190 சதுர டிகிரி தேடவேண்டியிருந்தது. விர்கோவின் மௌனத்தைச் சேர்த்ததும் அது 31 சதுர டிகிரியாகச் சுருங்கிற்று. பௌர்ணமிச் சந்திரன் நூற்றைம்பதை ஒன்றாய் ஒட்டி வைத்தால் எவ்வளவு இடமோ அவ்வளவு. பெரிய இடந்தான், ஆனால் தேடக்கூடிய இடம்.

இந்த ஆகாயப் படம் உலகத்து வான சாஸ்திரிகளுக்கு வந்து சேர்ந்தபோது இந்திய நேரம் இரவு 11 மணி 24 நிமிஷம். மோதலின் ஓசை கேட்டு ஐந்து மணிக்குமேல் ஆகிவிட்டது. குறித்த இடம் ஹைட்ரா என்ற நக்ஷத்திரக் கூட்டத்தில். ஆகஸ்டு மாதத்தில் அது சூரியனுக்குப் பின்னாலேயே சென்று அஸ்தமித்துவிடும். அடுத்தபடியாக இருட்டப்போகிற இடம், பெரிய தூரதிருஷ்டிக் கண்ணாடிகள் நிறைந்த தென் அமெரிக்கச் சிலி தேசம். அங்கேயும் அந்த இடம் பார்ப்பதற்கு வாகான உயரத்தில் நிற்பது இரண்டு மணி நேரத்துக்கு மேலில்லை. இன்னும் சில வாரம் போனால் சூரியனோடு சேர்ந்து மறைந்தே போய்விடும். எல்லாரும் பொழுது சாய்வதற்காகக் காத்திருந்தார்கள்.

லாஸ் காம்பானஸ் என்ற மலையில் ஸ்வோப் என்றொரு தூரதிருஷ்டிக் கண்ணாடி இருக்கிறது. 1 மீட்டர் அகலம். இக்காலத்து ராக்ஷஸக் கண்ணாடிகளின் நடுவே அது குழந்தை. ஒரு தடவையில் ஆகாயத்தில் அது பார்க்கும் துண்டும் சிறியது. 31 சதுர டிகிரியையும் துழாவிக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும். ஆகையால் கலிபோர்னியாவில் ஸாண்டா குரூஸிலிருந்து அதை உபயோகித்த கோஷ்டியார் ஒரு யுக்தி செய்தார்கள். அலையின் பலத்திலிருந்து மோதல் எவ்வளவு தூரத்தில் நடந்ததென்று தெரிந்திருந்தது. அந்தத் தூரத்தில் அந்த இடத்தில் உள்ள நக்ஷத்திர மண்டலங்கள் எவையெவை என்று நூறு பேர் கொண்ட ஒரு ஜாபிதா தயாரித்து, முக்கியமானவற்றிலிருந்து வரிசையாய்ப் படம் பிடித்துக்கொண்டே போனார்கள். வீடு வீடாய்க் கதவைத் தட்டுகிற வழிதான். ஒன்பதாவது படத்தில் விஷயம் அகப்பட்டது!

அது என்.ஜி.ஸி. 4993 என்ற மண்டலம். வில்லியம் ஹெர்ஷல் 1789-லேயே கண்டு குறித்து வைத்தது. அதன் நடுவிலிருந்து சற்று ஒதுங்கி, பழைய படங்களில் இல்லாத ஓர் ஒளிப் புள்ளி. படங்களை ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்த சார்லஸ் கில்பாட்ரிக் என்பவர் கண்ணில் அது முதலில் பட்டது. அதே வருஷம் ஏப்ரலில் ஹப்பிள் எடுத்திருந்த படத்தில்கூட அந்த இடம் காலி. ஒரு மணி நேரத்துக்குள் வேறு பல கோஷ்டியாரும் தனித்தனியே அதைக் கண்டார்கள். மோதலின் ஓசை கேட்டு 10.9 மணி நேரம் கழிந்திருந்தது. நம் நாட்டில் மறுநாள் விடியற்காலை 5 மணி.

பிறகு நடந்ததைத் திருவிழா என்றே சொல்லவேண்டும். சுமார் 70 ஆராய்ச்சி நிலையங்கள் அந்த ஒரு புள்ளியை நோக்கித் திரும்பின. ஒன்பதாம் நாள் எக்ஸ் கிரணங்களைக் கண்டது சந்திரா என்ற ஆகாய நிலையம்; அந்தப் பெயர் நம் சந்திரசேகருடையதே. 1930-ல் கப்பலில் கேட்ட கேள்விக்கு 2017-ல் அவர் பெயர் தாங்கிய கண்ணே சாட்சி சொன்னது பொருத்தந்தான். பதினாறாம் நாள் ரேடியோ அலைகளும் வந்தன. அக்டோபர் 16-ஆந் தேதி எல்லாம் சேர்ந்து ஒரு கட்டுரையாக வெளிவந்தபோது, அதற்கு ஆசிரியர்கள் 3,500-க்கு மேற்பட்டவர்கள். நம் பத்திரிகையில் ஒரு கட்டுரைக்கு இரண்டு பேர் ஆசிரியர்களானாலே சண்டை வந்துவிடும்!

அந்தப் புள்ளி என்ன சொல்லிற்று? முதல் நாள் நீலமாய் இருந்தது. ஒரு வாரத்துக்குள் சிவந்து, மங்கி, கண்ணுக்குப் புலப்படாத செந்நிறத்துக்கு அப்பால் போய்விட்டது. சாதாரண நக்ஷத்திர வெடிப்பு எதுவும் இவ்வளவு சீக்கிரம் நிறம் மாறுவதில்லை. இதை எதிர்பார்த்துத்தான் கணக்குக்காரர்கள் சில வருஷங்களுக்கு முன்பே கிலோநோவா என்று பெயர் வைத்துக் காத்திருந்தார்கள்.

நக்ஷத்திரங்களின் அடுப்பில் இரும்பு வரையில்தான் சமைக்க முடியும். அதற்கு மேற்பட்ட கனமான மூலப்பொருள்களில் பாதிக்குமேல், நியூட்ரான்கள் மழையாய்ப் பொழிந்து அணுக்கருவில் அவசர அவசரமாய் ஒட்டிக்கொண்டால்தான் உண்டாகும். இதை பர்பிட்ஜ் தம்பதிகளும் பௌலரும் ஹாயிலும் 1957-லேயே எழுதிவிட்டார்கள். அந்த மழை எங்கே பெய்கிறது என்பதுதான் அறுபது வருஷம் தீராத வழக்காக இருந்தது. நியூட்ரான் நக்ஷத்திரங்கள் மோதும்போது சிதறும் பொருளில் இவை உண்டாகி, ரேடியத்தைப் போல் கிரணம் வீசித் தேய்ந்து, அந்தச் சூட்டினால் சில நாள் ஒளிரும். அவற்றுள் சில ஜாதி அணுக்கள் நீல ஒளியை வெளியே விடாமல் தடுப்பதால் ஒளி சிவந்து போகும். கண்டது அப்படியே இருந்தது. சிதறின பொருள் சூரியனின் எடையில் நூற்றில் ஐந்து பங்குபோல. அதாவது பூமியைப்போல் 16,000 மடங்கு. அதில் தங்கம் மாத்திரமே பல பூமிகளின் எடை இருக்கும் என்கிறார்கள்.

தங்கம் என்ற சொல்லைக் கேட்டவுடன் வீட்டில் மற்றவர்களும் இந்தப் பக்கத்தை எட்டிப் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகையால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். தங்கத்தை யாரும் அங்கே நேரே காணவில்லை. மொத்தக் கனப் பொருளின் கணக்கிலிருந்து அது ஊகம். நிறமாலையில் அடையாளம் தெரிந்த மூலப்பொருள் ஸ்ட்ரான்ஷியம். அதையும் பழைய பதிவுகளைத் திரும்ப ஆராய்ந்து 2019-ல்தான் சொன்னார்கள். காசுமாலையில் உள்ள பொன் முழுவதும் இப்படி மோதலில் பிறந்ததுதானா, வேறு வழியும் உண்டா என்ற விவாதம் இதோடு தீர்ந்துவிடவில்லை. ஆனால் இது ஒரு வழி என்பதில் சந்தேகமில்லை. பொன்னைக் குத்துவிளக்குப்போல் பளபளவென்று தேய்த்து வைக்கும்போது, அது பிறந்தபோதும் விளக்காய் எரிந்தது என்று நினைத்துக்கொள்ளலாம்.

கேட்டதும் கண்டதும் சேர்ந்ததால் கிடைத்த மற்றொரு லாபம் பிரபஞ்சத்தின் விரிவைப்பற்றியது. அலையின் பலம் தூரத்தைச் சொல்கிறது. ஒளியின் நிறம் அந்த மண்டலம் நம்மைவிட்டு ஓடும் வேகத்தைச் சொல்கிறது. வேகத்தைத் தூரத்தால் வகுத்தால், 32 லக்ஷத்து 60 ஆயிரம் ஒளி வருஷ தூரத்துக்கு வினாடிக்கு 70 கிலோமீட்டர் வீதம் பிரபஞ்சம் விரிவதாக விடை வந்தது. வேறு இரண்டு கோஷ்டியார் தங்கள் தங்கள் வழியில் 67 என்றும் 73 என்றும் கண்டு, நெடுநாளாய் ஒருவரையொருவர் ஒப்பாமல் இருக்கிறார்கள். புது விடை இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது! ஒரே மோதலிலிருந்து வந்த விடையாதலால் மேலும் கீழும் பத்துக் கிலோமீட்டர் ஆடுகிறது. இத்தகைய மோதல்கள் இன்னும் சில பத்து அகப்பட்டால் வழக்குத் தீர்ந்துவிடும்.

அகப்பட்டால் என்றேன். அங்கேதான் கஷ்டம். 2019 ஏப்ரல் 25-ஆந் தேதி இரண்டாவது நியூட்ரான் ஜோடியின் ஓசை கேட்டது. ஆனால் அன்று ஹான்போர்டு வேலை செய்யவில்லை. லிவிங்ஸ்டன் மட்டும் கேட்டது. விர்கோவுக்கு அது எட்டாத தூரம், சுமார் 52 கோடி ஒளி வருஷம். தேடவேண்டிய இடம் 8,000 சதுர டிகிரிக்கு மேல். ஆகாயத்தில் ஐந்தில் ஒரு பங்கு. உலகமெல்லாம் தேடியும் ஒளி அகப்படவில்லை. 2023 மார்ச்சு 7-ஆந் தேதி நேர் மாறாக நடந்தது. காமா வெடிப்பு ஒன்று பிரமாதமாய்ப் பளிச்சிட்டது. ஜேம்ஸ் வெப் நிலையம் அதன் மிச்ச ஒளியில் டெல்லூரியத்தின் அடையாளத்தைக்கூடக் கண்டது. ஆனால் லைகோ பழுது பார்ப்பதற்காக நிறுத்தி வைக்கப்பட்டு, மே மாதந்தான் திரும்பக் கேட்கத் தொடங்கியது. ஒரு தடவை காது இருந்தது, கண் இல்லை. மறு தடவை கண் இருந்தது, காது இல்லை.

2017-ல் நடந்த காரியத்திலும் ஒரு பெரிய நஷ்டம் உண்டு. முதல் 10.9 மணி நேரத்து ஒளியை யாரும் பார்க்கவில்லை. ஆரம்பத்தில் அந்த நீல நிறம் ஏன் அவ்வளவு பிரகாசமாய் இருந்தது என்பதற்கு இரண்டு மூன்று சமாதானங்கள் சொல்கிறார்கள். எது சரி என்பதை முதல் சில மணி நேரத்து ஒளிதான் சொல்லும். அந்த மணிகளில் அந்த இடம் எங்கே தெரிந்துகொண்டிருந்தது தெரியுமா? நம் தலைக்கு மேலே என்று சொல்ல முடியாவிட்டாலும், நம் மேற்கே. ஆகஸ்டு 17-ஆந் தேதி சூரியன் அஸ்தமித்த பிறகு இரண்டு மணி நேரத்துக்கு மேல், இரவு 9 மணி வரையில், ஹைட்ராவின் அந்த மூலை தென்னிந்திய ஆகாயத்தில் தாழ நின்றது. காவலூர் மலையிலிருந்து பார்க்கிற திசைதான். மழைக்கால மேகம் வேறு விஷயம். மேகமில்லாத இடத்தில் இருந்தவர்களுக்கும், எங்கே பார்ப்பதென்று சொல்லும் படம் 11 மணி 24-க்குத்தான் வந்தது. லிவிங்ஸ்டனின் சொடக்கை நீக்குவதிலும், மூன்று நிலையங்களின் கணக்கைச் சேர்ப்பதிலும் கழிந்த அந்த ஐந்து மணியில் இந்தியாவின் ஆகாயம் முழுவதும் கைநழுவிப் போயிற்று.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, மகாராஷ்டிரத்தில் ஹிங்கோலி ஜில்லாவில் ஔண்டா என்ற ஊருக்கருகே கட்டத் தீர்மானித்திருக்கும் யந்திரத்தைப்பற்றி யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் உள்ளவற்றைப் போலவே 4 கிலோமீட்டர்க் குழாய்கள் இரண்டு. இந்திய சர்க்கார் 2016 பிப்ரவரியில் கொள்கையளவில் ஒப்புக்கொண்டு, 2023 ஏப்ரலில் 2,600 கோடி ரூபாய்க்கு அனுமதி கொடுத்தார்கள். இந்தச் செலவு நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், கேட்பதில் தப்பில்லை. நாலாவதோ ஐந்தாவதோ ஒரு காது வேண்டுமென்பது வெறும் கௌரவத்துக்காக என்றால் நானும் அவர்களோடு சேர்ந்துகொள்வேன். ஆனால் விர்கோவின் கதையைப் பாருங்கள். கூர்மை குறைந்த காது, அன்று சரியாய்க் கேட்கவும் இல்லை. அப்படியிருந்தும் அது வேறொரு கண்டத்தில் இருந்த ஒரே காரணத்தினால் தேடும் இடத்தை ஆறில் ஒரு பங்காகக் குறைத்தது. ஜப்பானில் மலைக்குள் கட்டிய காக்ரா 2020-ல் வேலை தொடங்கியது. அதன் கூர்மை இன்னும் போதவில்லை. பூமியின் இந்தப் பாகத்தில், லைகோவுக்குச் சமமான கூர்மையோடு, ஒன்று இருந்தால் 31 என்பது இன்னும் எவ்வளவோ சுருங்கும். ஒன்றில் சொடக்கு ஏற்பட்டாலும், ஒன்று பழுதாகிக் கிடந்தாலும், மற்றவை திசையைச் சொல்லிவிடும்.

நம்மவர்களுக்கு இது புதிய வித்தையும் அல்ல. இரைச்சலின் நடுவே இத்தகைய ஓசையைப் பிரித்தெடுப்பதற்கு, எதிர்பார்க்கிற அலையின் அச்சுக்களை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாய்ப் பொருத்திப் பார்க்கவேண்டும். அந்த முறையைப் புனாவில் ஸஞ்சீவ் துரந்தரும் ஸத்யப்பிரகாஷும் 1990-க்களின் தொடக்கத்திலேயே வகுத்தார்கள். அச்சுக்களின் கணிதத்தில் பெங்களூரின் பாலா ஐயர் பிரெஞ்சு சகாக்களோடு சேர்ந்து பல வருஷம் உழைத்தார். காது செய்து வைப்பதற்கு முன்பே கேட்கக் கற்றுக்கொண்டவர்கள் என்று இவர்களைச் சொல்லவேண்டும்.

கண்ணும் தயாராகிக்கொண்டிருக்கிறது. லடாக்கில் ஹான்லே என்ற உயர்ந்த வறண்ட பீடபூமியில், எச்சரிக்கை வந்தவுடன் தானே திரும்பிப் படம் பிடிக்கும் 70 சென்டிமீட்டர்த் தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்று 2018 முதல் இயங்கிவருகிறது. தென்மேற்குப் பருவமழையின் மேகம் அங்கே அவ்வளவாய் எட்டுவதில்லை. சிலியில் பகலாயிருக்கும் நேரத்தில் அங்கே இரவு. ஹிங்கோலி யந்திரம் 2030-ஆம் வருஷ வாக்கில் கேட்கத் தொடங்கும் என்பது திட்டம்.